மைதானமும் அதைச் சேர்ந்த சகலமும்

எங்கள் மைதானத்தின் புவியீர்ப்பையும் உராய்வையும் காற்றையும் போன மார்ச் மாதம் ஒரு வீடியோ கேம் நிறுவனம் எடுத்துக்கொண்டு போனது. அவர்களுடைய கால்பந்து ஆட்டத்தில் பந்து நிஜப் பந்துபோல நடந்துகொள்ள வேண்டுமாம். மைதானத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போகவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தில் கிடந்த பழையதைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பழையதில் எட்டுத் திசைகள்தான் உண்டு. மைதானத்தைக் கடந்து டீக்கடைக்குப் போகிறவர்கள் இப்போது வெட்டி வெட்டி நடக்கிறார்கள். மேய்கிற ஆடுகளும் அப்படித்தான் திரும்புகின்றன. பந்து ஒரே உயரத்துக்கு மூன்று முறை எழும்பி, நான்காவது முறை செத்துவிடுகிறது. கோல் விழுந்தால் வலை அசைவதில்லை. கோல்கீப்பர், பந்து உதைபடுவதற்கு முன்பே பாய்ந்து படுத்துவிடுகிறார்.

தவறு எங்களுடையதுதான். காசிமேட்டுப் பக்கத்தில் கல்யாண வரவேற்புக்கும் மாதா திருவிழாவுக்கும் எங்கள் கிளப் மைதானத்தைத்தான் கேட்பார்கள். அதற்கு ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம். ‘மைதானமும் அதைச் சேர்ந்த சகலமும்’ என்று அச்சடித்திருக்கும். சகலமும் என்றால் நாற்பது நாற்காலி, எட்டு டியூப்லைட், ஒரு தண்ணீர் டிரம். திருப்பித் தரும் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. அதை நாங்கள் நிரப்பச் சொல்வதில்லை. விசேஷம் முடிந்தால் தானாக வந்துவிடும், தேதி கேட்பது மரியாதை இல்லை என்பது கிளப் செயலாளர் சகாயநாதனின் எண்ணம். நிறுவனத்துக்கும் அதே படிவத்தைத்தான் நீட்டினார்.

அவர்கள் கொண்டுவந்த ஆங்கில ஒப்பந்தம் நாற்பத்து நான்கு பக்கம். பத்தொன்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன் என்று என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஒரு குறையும் இல்லை. எங்களுடைய ஒரு பக்கத்தை நான் படிக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பழையதற்கு எல்லாரும் பழகிவிட்டார்கள், டெல்ஃபினைத் தவிர. என் பக்கத்து வீட்டு அமலாவின் மகள். பத்தொன்பது வயது. அவளுடைய ஃப்ரீ கிக் மைதான ஓரத்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துப் போவதுபோல் போய், பாதி வழியில் மனம் மாறி, கோல்கீப்பரின் தோளுக்குப் பின்னால் இறங்கும். ஏழு வயதிலிருந்து தினமும் நூறு முறை உதைத்து உண்டாக்கிய வளைவு. சகலத்தோடும் சேர்ந்து அதுவும் போய்விட்டது. மாவட்டப் பெண்கள் அணிக்கான தேர்வு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில்தான். அதற்கு மேல் வயது வரம்பு தாண்டிவிடும்.

சனிக்கிழமை என்னை கேம் சென்டருக்கு இழுத்துப் போனாள். திரையில் அந்த நிறுவனத்தின் ஆட்டம், ஏதோ குளிர்நாட்டு ஸ்டேடியம். டோர்வால் என்ற முன்னணி ஆட்டக்காரன் ஃப்ரீ கிக் எடுத்தான். பந்து போய், பாதி வழியில் மனம் மாறி, இறங்கியது. கடையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

“அது என் ஷாட்டு மாமா,” என்றாள் டெல்ஃபின்.

“தெரியுது.”

“தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

நிறுவனத்துக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் நல்ல தமிழில் பேசினார். “படிவத்துல திருப்பித் தர்ற தேதி காலியா இருக்கு சார். எங்க விசேஷம் இன்னும் முடியலையே. வேற எதாவது உதவி வேணுமா சார்?”

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. வெளிநாட்டில் வேலை பார்த்தபோது நானும் அதே குரலில் எத்தனையோ பேருக்கு இல்லையென்று சொல்லியிருக்கிறேன். ஃபோனை மெதுவாக வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வாளர் குணசீலன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். டெல்ஃபின் ஏழு முறை உதைத்தாள். ஏழும் நேர்கோட்டில் போய்த் தடுப்பில் நின்றவர்களின் வயிற்றில் பட்டு விழுந்தன. எட்டாவது பந்தை அவள் உதைக்கவில்லை. அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

“கோச்சுக்காதம்மா,” என்றார் குணசீலன். “எனக்கு அந்த வளைவு வேணும். அது யார்கிட்ட இருக்கோ அவங்க பேரத்தான எழுத முடியும்?”

பெண்கள் அணிதான் என்றாலும் பட்டியலில் முதல் பெயர் டோர்வால். அவனுக்கு மாற்று ஆட்டக்காரராக டெல்ஃபின். வெளியூரிலிருந்து வருகிறவர்களை மாற்று ஆட்டக்காரர் வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுவது மாவட்ட அணியின் வழக்கம்.

“எம் பொண்ணோட வளைவத் தூக்கினு போனவனுக்கு நான் ஆக்கிப் போடணுமா?” என்று அமலா கேட்டாள். சகாயநாதனைத்தான் கேட்டாள். அவர் அன்றைக்கு நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“வரட்டும்மா,” என்றாள் டெல்ஃபின். “மீன் வாங்கு. நல்லா வாங்கு.”

திங்கட்கிழமை மதியம் டோர்வால் ஒரு தோள்பையோடு அமலா வீட்டுக்கு வந்தான். முட்டியில் எங்கள் மண் ஒட்டியிருந்தது. வியர்வை நிஜமாகவே வழிந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து சங்கரா மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டான். டெல்ஃபின் கதவில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லை.

“துன்னுட்டு மருவாதயா கால கொடுக்கச் சொல்லு மாமா. வலது கால்.”

ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வார்த்தையையும் மென்மையாக்கவில்லை. சொல்லும்போது எனக்கும் நன்றாக இருந்தது.

டோர்வால் தலையாட்டினான். தட்டைத் தள்ளிவைத்து, கையைக் கழுவிக்கொண்டு, வலது காலை முட்டிக்குக் கீழே கழற்றி அவளிடம் கொடுத்தான். டெல்ஃபின் தரையில் உட்கார்ந்து தன்னுடையதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். எழுந்து நின்று குதிகாலை இரண்டு முறை தரையில் தட்டினாள்.

“டைட்டா கீதும்மா.”

அமலா டோர்வாலின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

“போடப் போட லூஸ் ஆயிடும்,” என்றாள்.