சாரம் விழுந்த சேதி

ராஜபாளையத்து ஜாபிர் வீடுகளுக்குப் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுப்பவன். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி நஸீபா கடையநல்லூர்க்காரி.

அன்று அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள்.

"மச்சான், காத்துல சாரம் விழுந்துட்டு. நேரா செலினா அக்கா தலையில..."

அதற்கு மேல் கேட்காமல் அவன் போனை வைத்துவிட்டான். பக்கத்து வீட்டு செலினாவின் மாடிச் சுவருக்கு வர்ணம் அடிக்க, முந்தின நாள்தான் மூங்கில் சாரம் கட்டியிருந்தான். கயிற்றை முடிச்சுப் போட்டதும் அவன் கைதான். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பைக்கை எடுத்தான். வழியெல்லாம் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

தெருவில் கூட்டம் எதுவும் இல்லை. சாரம் கட்டினபடியே நின்றது. செலினா வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நஸீபா. அவள் மடியில் அவனுடைய பச்சைக் கட்டம் போட்ட கைலி.

"என்ன விழுந்துச்சு?"

"இதான் மச்சான். மாடிக் கொடியில காயப்போட்டிருந்தேன். பறந்து போயி அக்கா தலைய மூடிட்டு. அவிய கண்ணு தெரியாம வாசல்லயே சுத்துனாவ" என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஜாபிர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இது கைலில்ல?"

"எங்க ஊர்ல இதத்தான் சாரம்பாவ."

செலினாவுக்குத்தான் முதலில் விளங்கியது. தலைக்கு மேல் நின்ற மூங்கிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "அடப்பாவி, நான் போய்ச் சேந்துட்டேன்னா ஓடி வந்த?" என்று சிரித்தபடி தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

நஸீபா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க வாப்பா மலேசியாவுல இருந்தாவ. அங்க இதுக்கு சாரோங்னு பேராம். கப்பல்ல போயி வந்தவங்க வாயில அதுதான் சாரமாயிட்டுன்னு சொல்லுவாவ. கைலிங்கற பேரு எங்கருந்து வந்துச்சு?"

"தெரியல. வீட்ல சொன்னாக, நானும் சொன்னேன்."

"இனிமே நானும் கைலின்னே சொல்லுதேன்."

"வேண்டாம். நீ சாரம்னே சொல்லு, கேக்க நல்லாருக்கு. பாதியில போன வச்சது என் தப்பு."

செலினா கொடுத்த தண்ணீரைக் குடித்தும் மனம் அடங்கவில்லை. எழுந்து போய் மூங்கில் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது. நஸீபா கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக அதை இறுக்கினார்கள்.