களிமண்ணில் பதினைந்து எழுத்து

சேந்தமங்கலத்துச் சோளக்காட்டில் வரப்பு வெட்டும்போது கந்தம்மாளுக்கு இறுகிப்போன களிமண் கட்டி ஒன்று அகப்பட்டது. தட்டினாள், இரண்டாகப் பிளந்தது. உள்ளே பச்சைக் களிம்பேறிய சின்னஞ்சிறு வெண்கலக் காசு. செம்பு விளக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். காசு பளபளத்தது. மறுவாரம் அதையும் மண்கட்டியையும் முந்தானையில் முடிந்துகொண்டு, சேலத்து அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் தம்பி அருணகிரியைத் தேடி வந்தாள். அது 1936.

அன்று கல்லூரி ஆசிரியர் பாலசுந்தரம், பழங்காசுகளைப் பற்றித் தாம் எழுதிய புத்தகத்துக்குப் புரூப் திருத்த வந்திருந்தார். அருணகிரி காசை அவரிடம் நீட்டினான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவரின் முகம் சுண்டிவிட்டது.

"ரோமாபுரிக் காசுதான். ராஜா தலை மங்கலாத் தெரியுது. ஆனா சுத்தி இருந்த எழுத்தெல்லாம் போச்சே! யார் இதைத் தேய்ச்சது? இனி எந்த ராஜான்னு எப்படிச் சொல்றது?"

கந்தம்மாள் கதவோரம் ஒதுங்கினாள். "நாந்தானுங்க. அழுக்குன்னு நெனச்சுப்போட்டனுங்க."

அக்காள் தலைகுனிந்து நிற்பதை அருணகிரியால் பார்க்க முடியவில்லை. மண்கட்டியின் ஒரு பாதியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தான். காசு பதிந்திருந்த குழியைச் சுற்றி, கடுகளவு எழுத்துகள். மற்றவர் கண்ணுக்கு அவை இடம் வலம் மாறிய கிறுக்கல். அவனோ பதினோரு வருஷமாக, அதே போல் மாறியிருக்கும் ஈய எழுத்துகளையே வாசிப்பவன். இங்கிலீஷில் அர்த்தம் ஒன்றும் தெரியாது. எழுத்து ஒவ்வொன்றும் தெரியும்.

"டி... என்... ஏ, ஆர், சி..." முணுமுணுத்தபடியே அறைப்பெட்டியிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தான். மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தான்.

D N ARCADIVS P F AVG

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, யூ வர்ற எடத்துல வீயைப் போட்டிருக்கே?"

"மண்ணுல வீதானுங்க இருக்குது. இருக்கறதத்தான் நான் கோப்பேன்."

பாலசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அவர் கோத்ததுதான் சரி! ரோமானியர் அப்படித்தான் வெட்டுவாங்க. 'நம் பெருமான் அர்க்காடியஸ், பக்தியும் பாக்கியமும் உள்ள சக்கரவர்த்தி'ன்னு அர்த்தம். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக் காசு இது!"

புரூப் ஓரத்தில் அப்போதே எழுதினார்: 'இக்காசின் எழுத்தை வாசித்தவர் சேலம் அருணகிரி.' அதைப் படித்தவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனாலும் கைகட்டிச் சொன்னான்:

"கண்டெடுத்தது எங்கக்காங்க. மண்ணைக்கூட வீசாமக் கொண்டாந்திருக்குது. அது பேரு மொதல்ல வரோணுங்க."

ஆசிரியர் கந்தம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். "நான் கோவிச்சது தப்பும்மா."

அக்காள் பெயரை முதல் வரியிலும் தன் பெயரை அடுத்த வரியிலுமாக அருணகிரியே கோத்து, தாளில் எடுத்துக் கொடுத்தான்.

"இதுல எது சாமி நானு?"

அவள் விரலைப் பிடித்து முதல் வரியில் வைத்தான். மை ஒட்டிக்கொண்டது. மை காயட்டும் என்று தாளை மடிக்காமல் இரு கையிலும் ஏந்தியபடி கந்தம்மாள் பஸ்ஸுக்கு நடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், ராசிபுரம் வருவதற்குள், தன் தம்பி படித்த ராஜாவின் பேரைச் சொல்லிவிட்டாள்.