பாக்கி ஏழு வயது

ஆட்டர் பெண்ட் ஊரில் ஆரின் ட்வைட்டின் மகள் மாரெட்டுக்கு ஒன்பது வருஷமாகப் பதினேழு வயது. காரணம் ஊருக்கே தெரியும். கல்லூரிகளைப் பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு ரயிலில் போவதாகப் போட்ட திட்டம் இன்னும் முடியவில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளையை வசந்த விடுமுறையில் கூட்டிக்கொண்டு போய் நாலைந்து கல்லூரிகளைச் சுற்றிக் காட்ட வேண்டும், பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம் பதினெட்டாகி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மினசோட்டாவில் அதுதான் வழக்கம். ட்வைட் வீட்டில் முதல் காரியம் ஆகாததால் அடுத்தது வரவில்லை. டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை அவள் உயரத்தை அளந்து, போன வருஷத்து எண்ணையே திரும்ப எழுதினார். அந்த வருஷங்களில் சோயா விலையும் இறங்கியிருந்ததால் ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

ஆரின் சோம்பேறி என்று யாராவது நினைத்தால் அது பெரிய பாவம். மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகள் எந்தத் தெருவில் எப்போது திரும்ப வேண்டும் என்று தடம் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். அவர் தடத்தில் எந்தக் குழந்தையும் பனியில் நின்று மூக்கு சிவந்ததில்லை. அப்படிப்பட்டவர் சொந்த மகளுக்கு அரைகுறையாகவா திட்டம் போடுவார்? சிகாகோ வண்டி ஊருக்கு நாளுக்கு ஒன்றுதான், காலை பத்து மணிக்கு. கல்லூரி சுற்றிக்காட்டும் நேரமோ எல்லா இடத்திலும் காலை பத்து மணி. இந்த இரண்டு பத்து மணிகளையும் ஒத்துப்போக வைப்பதற்காக அவர் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்தார். பென்சில், நூல், குண்டூசி. ஒரு வழியாகப் பொருந்தி வரும்போது ரயில் அட்டவணை மாறும். அதைச் சரிசெய்தால் ஏதாவது ஒரு கல்லூரி வசந்த விடுமுறையை ஒரு வாரம் தள்ளிப்போடும். குடும்பம் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே சாப்பிட்டது. நன்றியறிதல் நாள் வான்கோழியைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்து அறுத்தார்கள். ஆட்டம் இருந்தாலும் கறி நன்றாகவே வெந்திருந்தது என்று விருந்தாளிகள் சொன்னார்கள்.

மாரெட்டுக்குப் பதினேழில் இருப்பது முதல் இரண்டு வருஷம் கஷ்டமாக இல்லை. வரலாற்றுப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. பள்ளி நடனத்துக்குத் தைத்த பச்சை உடுப்பு எப்போதும் சரியாக இருந்தது. மூன்றாம் வருஷம் அவள் கூட்டாளிகள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆறாம் வருஷம் அவர்களில் ஒருத்தி, உயிர்த்தோழி ஜோலீன் ஹாக், வேதியியல் ஆசிரியையாகத் திரும்பி வந்தாள். முதல் நாள் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஜோலீன் கொஞ்சம் தடுமாறினாள். அப்புறம் தேர்வில் நூற்றுக்கு எழுபத்தொன்று போட்டாள். "என்னடி இது, நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாத்தானேடி காப்பியடிச்சோம்?" என்று மாரெட் கேட்டதற்கு, "வகுப்புல மிஸ்னு கூப்பிடு. அதோட, நான் பார்த்து எழுதினேன், நீ பார்க்காம எழுதியிருக்க," என்றாள் ஜோலீன். பல்லைச் சீராக்கப் போட்ட கம்பியைப் பதினெட்டில் கழற்றுவதாகப் பல் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் ஓய்வு பெற்று, அரிசோனா போய், அங்கேயே இறந்தும் போனார். கம்பி அப்படியே இருந்தது.

இதற்கிடையில் தம்பி கார்ஸ்டன் அண்ணன் ஆனான். ஆரம்பத்தில் அவனுக்குப் பதினொன்று. ஒரு வருஷம் இருவருக்கும் பதினேழு. காரில் முன்சீட்டு யாருக்கு என்று தினமும் சண்டை. மறுவருஷம் அவன் பதினெட்டாகி முன்சீட்டைக் கைப்பற்றினான். "தாடியைத் தொட்டுப் பாரு பாப்பா," என்று அவளைச் சீண்டினான். பிறகு எந்தக் கல்லூரியையும் போய்ப் பார்க்காமல், எவனோ ஒரு நண்பனின் சரக்கு வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஒரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆரினுக்கு இது பெரிய அடி.

"பார்க்காமலே சேர்ந்திருக்கான். எங்க போய் முடியுமோ," என்று மேசைமேல் குனிந்தபடியே சொன்னார்.

அவர் மனைவி லொரெய்ன் அடுப்பிலிருந்து கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் போயிட்டான்ல? அதைப் பாருங்க. உங்களுக்கு அவ போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம், ஆரின்."

"அப்படியெல்லாம் இல்ல. புதன்கிழமை ரெண்டு மணி நேரம் இடிக்குது."

"வருஷக்கணக்கா இடிக்குது."

ஆரின் குண்டூசி ஒன்றைப் பிடுங்கி, அரை அங்குலம் தள்ளிக் குத்தினார். மாரெட் கதவருகே நின்று இதைக் கேட்டாள். அப்பா அதே குண்டூசியைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே திரும்பக் குத்தியதையும் பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். ஒரு குண்டூசியோடு மல்லுக்கட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? ஆனால் இன்னொரு தடவை பதினோராம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பதும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒருமுறை தனியாகவே நிலையத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். ரயில் வந்தது, நின்றது, அவளுக்கு நேரே மட்டும் வண்டியின் பக்கம் படி இல்லாமல் வழவழவென்று இருந்தது. குடும்பப் பயணம் என்றால் குடும்பத்தோடுதான் போக வேண்டும் போலிருக்கிறது.

கார்ஸ்டன் கல்லூரி மூன்றாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது பின்பக்கமாக நடந்து வந்தான். கைச்செலவுக்காகக் கல்லூரியைச் சுற்றிக் காட்டும் வேலையில் சேர்ந்திருந்தான். அந்த வேலையில் வருகிற பெற்றோரைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு பின்பக்கமாக நடக்க வேண்டும். நடந்து நடந்து முன்பக்கம் நடப்பது மறந்துபோய்விட்டது. லொரெய்ன், "காலணியையாவது கழட்டிட்டு வா," என்றாள், அவ்வளவுதான். தேவாலயத்தில் அவன் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் பின்பக்கமாகப் பீடத்துக்குப் போனான். போதகர் அவன் தோளைத் தட்டித் திருப்பி வைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு சங்கடம்தான். அவன் தபால் நிலையத்துக்குக் கிளம்பினால், எதிரில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பின்னாலேயே வர ஆரம்பித்தார்கள். புன்சிரிப்போடு பின்வாங்கிப் போகும் ஓர் இளைஞனைக் கண்டால், பிள்ளை பெற்ற அமெரிக்கர் எவராலும் நிற்க முடியாது. கால் தானாக நடக்கும், கை தானாக உயரும். ஒரு சனிக்கிழமை பதினான்கு பேர் தண்ணீர்த் தொட்டிவரை போய்விட்டார்கள். ஓர் அறையில் எத்தனை பேர், சலவை இலவசமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அதில் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் எழுபது வயதில் விண்ணப்பமே போட்டுவிட்டார்.

அந்தக் கூட்டம் வீட்டைக் கடந்து போனதை மாரெட் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அன்றே தம்பியைப் பிடித்தாள்.

"அப்பாகிட்ட செய்."

"என்னத்தை?"

"சுத்திக் காட்டு. மேசையிலேர்ந்து ஆரம்பி. ரயிலடியில முடி."

கார்ஸ்டன் யோசித்தான். "நான் எங்க போறேன்னு எனக்கே தெரியாதே. நீ என் பின்னால வந்து கட்டை, குழி எல்லாம் சொல்லணும்."

"சொல்றேன். ஒன்பது வருஷமா இந்தத் தெருவைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு, ஆரின் வரைபடத்தின்மேல் குனிந்திருந்தபோது, கார்ஸ்டன் சமையலறையில் நின்று கைதட்டினான். "எல்லாரும் வாங்க, வணக்கம்! என் பேரு கார்ஸ்டன், மூணாம் வருஷம், மண்ணியல். கேள்வி எதுவா இருந்தாலும் தயங்காம கேளுங்க. இப்ப நாம நிக்கிறது சாப்பாட்டுக் கூடம்."

"டேய், வேலை இருக்கு," என்றார் ஆரின், தலை நிமிராமல்.

"வாரத்துக்கு இருபத்தோரு வேளை சாப்பாடு. ஞாயித்துக்கிழமை வாஃபிள்."

ஆரினின் கழுத்து நரம்பு புடைத்தது. பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கார்ஸ்டன் ஓர் அடி பின்வாங்கினான், இன்னோர் அடி. ஆரினின் வலது கை மெதுவாக உயர்ந்தது. "மாமிசம் சாப்பிடாதவங்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார். வாழ்நாளில் அவர் மாமிசம் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

"அருமையான கேள்வி! நடந்துக்கிட்டே சொல்றேன்."

அவ்வளவுதான். வீட்டுச் செருப்போடு ஆரின் பனியில் இறங்கினார். லொரெய்ன் எல்லோருடைய கோட்டையும் அள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். கார்ஸ்டனுக்குப் பின்புறம் மாரெட் நின்று, "படி... இடது... நாய்... நாய் போயிடுச்சு," என்று முணுமுணுத்தாள். தெருமுனையில் ஜோலீனும் இரண்டு லூத்தரன் தம்பதிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஜோலீனுக்கு அப்போது கைக்குழந்தை. அதன் எதிர்காலத்தையும் பார்க்க வேண்டுமே. தங்கும் விடுதி, நூலகம், பாதுகாப்பு விளக்கு எல்லாம் கேட்டு முடித்து, "மாணவர்கள் வீட்டை நினைச்சு அழுவாங்களா?" என்று ஆரின் கேட்ட இடத்தில் ரயில் வந்து நின்றது. இந்த முறை படிகள் இருந்தன. கார்ஸ்டன் அவற்றில் பின்பக்கமாக ஏறினான். "முதல் ரெண்டு வாரம் அழுவாங்க. அப்புறம் பெத்தவங்கதான்," என்றான். பின்னாலேயே ஆரினும் லொரெய்னும் மாரெட்டும் ஏறினார்கள்; மற்றவர்கள் நடைமேடையில் நின்றுவிட்டார்கள். வண்டி நகர்ந்த பிறகுதான் ஆரின் தன் கையைப் பார்த்தார். கையில் வரைபடம் இல்லை.

மாரெட் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்த அந்தக் கணமே பதினெட்டு ஆனாள். வாயில் டிங் டிங் என்று சத்தம். பல் கம்பி துண்டு துண்டாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. முதல் நிறுத்தத்தில் ஒரு வைக்கோல் வியாபாரி ஏறினார். அவளுக்குப் பத்தொன்பது ஆனது. முகம் ஒரு விரல் அளவு நீண்டது, கோட்டின் கை குட்டையானது.

"ஆரின், பொண்ணு வளர்றா!" என்று கத்தினாள் லொரெய்ன். "நிறுத்தத்துக்கு ஒரு வயசா ஏறுது. சிகாகோ போறதுக்குள்ள இருபத்தாறு ஆயிடும். நேரா கல்யாணத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்!"

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அம்மாள், எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். எல்லோரும் ஆரினைப் பார்த்தார்கள். ஆரின் சட்டைப் பையைத் தடவினார். அங்கே ஒரு குண்டூசி மட்டும் இருந்தது.

"இந்த ஊர்ல காலேஜ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணு இருக்கு. மாட்டு வைத்தியம் சொல்லித் தர்றாங்க. நல்ல வெண்ணெய் கிடைக்கும்."

அந்தக் கல்லூரி ஆரினின் திட்டம் எதிலும் இருந்ததில்லை. அவர் மகளைப் பார்த்தார். மாரெட் தலையசைத்தாள். மாடுகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்பது வருஷத்தில் அவள் படிக்காத ஒரே பாடம் அதுதான்.

"இறங்கு," என்றார் ஆரின்.

எல்லோரும் இறங்கினார்கள். வண்டி கிளம்பவில்லை. இஞ்சின் உறுமியது, புகைந்தது, அங்கேயே நின்றது. கண்டக்டர் அம்மாள் அந்த இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். "இந்த சீட்டுல இன்னும் ஏழு வயசு பாக்கி இருக்கு. யாராவது வந்து உக்காந்து தீர்த்துடுங்க. பின்னால சரக்கு வண்டி வருது," என்றாள், கதவைச் சாத்தச் சொல்கிற குரலில்.

மாரெட் ஒரு கணம் தயங்கிவிட்டுப் படியில் கால் வைத்தாள். ஆரின் அவள் தோளைப் பிடித்து இறக்கினார். "உன்னுது இல்ல அது. நான்தான் பிடிச்சு வெச்சிருந்தேன்," என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "லொரெய்ன், ஏழு வருஷம் தாங்குமா என் முகம்?" என்று கேட்டார்.

"இப்ப மட்டும் என்ன வாழுது? போய்ட்டு வாங்க," என்றாள் லொரெய்ன். சொல்லிவிட்டு அவருக்குக் கழுத்துத் துணியை இரண்டு சுற்றாகக் கட்டிவிட்டாள், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு.

"சனிக்கிழமை ஃபோன் பண்ணு," என்றார் ஆரின் மகளிடம்.

"எத்தனை மணிக்குப்பா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலேயே, "எப்பவாவது," என்றார். ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி உடனே கிளம்பியது.

மாரெட்டை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. பதினோராம் வகுப்பில் இவ்வளவு அனுபவம் உள்ளவர் வேறு யாரும் விண்ணப்பித்திருக்கவில்லை. சுற்றிக் காட்ட வந்த பெண்ணும் பின்பக்கமாகவே வந்ததால் அவளும் கார்ஸ்டனும் முதுகோடு முதுகு மோதிக்கொண்டார்கள். இருவரும் எதிரெதிர்த் திசையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரின் மறுநாள் வண்டியில் ஊர் திரும்பினார். போகும்போது ஐம்பத்தெட்டு, வரும்போது அறுபத்தைந்து. முடி மொத்தமும் போய், நல்ல வெள்ளைத் தாடி வந்திருந்தது. திங்கட்கிழமை அரசு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனார். பிறந்த தேதி இடிக்கிறதே என்று கேட்ட பெண், அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். ஓய்வு நெருங்கிய ஆட்டர் பெண்ட்காரர்கள் சிலர் இன்றைக்கும் அந்த ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கி, சிகாகோவரை உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒன்றும் ஏறுவதில்லை. ஏரியைப் பார்த்துவிட்டு, ஒரு பீட்சா சாப்பிட்டுவிட்டு, போன வயதிலேயே திரும்பி வருகிறார்கள்.