கைலிக் கட்டுகளுக்கு நடுவே பாடியது

தென்காசி,
திங்கட்கிழமை.

அன்புள்ள விஸ்வநாதன் அண்ணாச்சிக்கு,

பாட்டை மிக்ஸ் பண்ணுவதற்கு, ரெக்கார்டிங்கின்போது யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னீர்கள். இடம், அஃப்சல் வீட்டு மாடியில் கைலி ஸ்டாக் வைக்கும் அறை. கதவுப் பக்கம் கிடாரோடு அஃப்சல். ஜன்னலோரம் கீபோர்டும் லேப்டாப்புமாக நான். குற்றாலத்திலிருந்து சாரலில் நனைந்து வந்த குத்தாலிங்கம், தாளம் தட்டும் மரப்பெட்டியின் மேல். நடுவில், மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, அஃப்சலின் தங்கை நஸீபா.

உங்கள் திருநெல்வேலி ஸ்டுடியோவில் சனிக்கிழமைக்குத் தேதி வாங்கியது நான்தான். அதற்குள் நஸீபாவுக்கு மஸ்கட் டிக்கெட் வியாழக்கிழமைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை அங்கே. இனி வர இரண்டு வருஷம் ஆகும். பாட்டை எழுதி மெட்டுப் போட்டவளே அவள்தான். அப்படியும் நான், வேறு ஆளைப் பாடவைத்து ஸ்டுடியோவிலேயே எடுப்போம் என்று நின்றேன்.

“ஏலே, பாட்டுக்கு ஸ்டுடியோ தேடுதியா, ஸ்டுடியோவுக்குப் பாட்டு தேடுதியா?” என்றான் குத்தாலிங்கம்.

நஸீபா சண்டை போடவில்லை. “ஆளு கெடச்சா சொல்லுங்க முத்தண்ணே, மெட்டச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்,” என்றாள். அவள் குரலிலேயே வீட்டில் எடுப்போம் என்று போனை எடுத்தேன். உங்களிடம் கேன்சல் சொன்னேன்.

புதன்கிழமை காலையில், அறையை ஸ்டுடியோ மாதிரி ஆக்குகிறோம் என்று அறுபது கைலிக் கட்டுகளையும் வராந்தாவில் அடுக்கிவிட்டுப் பெருக்கித் துடைத்தோம். நஸீபா பாடினால் குரல் காலிக் கல்யாண மண்டபத்தில் கேட்பதுபோல் கிடந்து முழங்கியது. நான்கு தடவை பாடினாள். ஐந்தாவதில் கண் கலங்கிவிட்டது. கேன்சல் பண்ணியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்பது? வேறு வழியில்லாமல் போன் போட்டு, எடுத்ததைக் கேட்க வைத்தேன்.

“முத்து, ரூம்ல இருந்து என்னத்த வெளிய எடுத்திய?”

சொன்னதும் சிரித்தீர்கள். “முழக்கம் அடங்கணும்னு என் ஸ்டுடியோ சொவத்துல துணி ஒட்டுததுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிட்டு. நீங்க இருந்த துணியத் தூக்கி வெளிய வச்சிருக்கிய! எல்லாத்தையும் உள்ள கொண்டு போங்க.”

திரும்பச் சுமந்தோம்.

“ஏட்டி, மஸ்கட்டுக்குக்கூட நீ இவ்வளவு லக்கேஜ் கொண்டு போமாட்ட,” என்றான் அஃப்சல்.

“நல்லாச் சொமண்ணே. நாளைக்கு என் பெட்டியத் தூக்கணும்லா.”

அதற்குப் பிறகு இரண்டாவது டேக்கிலேயே குரல் முழங்காமல் தெளிவாக விழுந்தது. கேட்டு முடித்தும் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. “இன்னொரு தடவ போடுங்க,” என்றாள். மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினாள்.

கடைசிச் சரணத்தில் ஒரு குக்கர் விசில் கேட்கும். எடுத்துவிடச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, “உம்மா வச்ச கறி, கெடக்கட்டும்,” என்று மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது. அதனால் விட்டுவிடுங்கள்.

உங்கள் கைவிட்டுப்போன ரெக்கார்டிங்குக்காகப் போனிலேயே அரை நாள் உட்கார்ந்தீர்கள். மிக்ஸும் நானே பண்ணித் தருகிறேன் என்றீர்கள். நேரில் வந்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுத்தில். அவள் பாட்டு அவள் குரலிலேயே இருப்பது உங்களால்தான் அண்ணாச்சி.

கூரியர் ஆபீஸ் பூட்ட நேரமாகிவிட்டதென்று அஃப்சல் கீழே ஹாரன் அடிக்கிறான். பென்டிரைவை உள்ளே வைத்து, உறையை ஒட்டி, அவன் கையில் கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
முத்துகுமரன்