பியூஸ் கட்டையோடு வேலைக்குப் போனவள்

எனக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான் கொடுக்கிறார்கள். பெரிய பலசரக்குக் கடை ஒன்றின் வெளிவாசலில் நிற்கிறேன். சாமான் வாங்கி வருகிறவர்களின் பில்லை வாங்கி, பைக்குள் கையை விட்டு விலக்கிப் பார்த்து, பில்லில் ஓர் ஓட்டை போட்டு அனுப்ப வேண்டும். முறைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே வருகிறார்களே, அவர்கள் பையைத்தான் அடிவரை துழாவுவேன். என் வீட்டுக்காரர் எனக்கு ஸ்கேனர் என்று பெயர் வைத்திருக்கிறார். வேலை முடிந்து நான் உள்ளே நுழைந்தால், "ஸ்கேனர் வந்தாச்சு, எல்லாரும் பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டுங்க" என்பார்.

இப்படிப்பட்டவள் வீட்டிலேயே கரண்ட் களவு போனால் விடுவேனா?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் கைவிட்டதும் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஒரு அறையும், சமைக்கிற இடத்தை ஒட்டி ஒரு அரை அறையும் உள்ள வீடு எங்களுடையது. அரை அறை அண்ணிக்கு. காலையில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீடு அவர் கையில்தான்.

நாங்கள் கரண்ட் செலவழிக்கிற அழகைப் பார்த்தால் கரண்ட் ஆபீஸ்காரர்களுக்கே கண்ணீர் வந்துவிடும். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு அதற்குள் மளிகைச் சாமான் டப்பாக்களை அடுக்கியிருக்கிறோம். செல்போன்களுக்கு வேலை செய்கிற இடத்தில்தான் சார்ஜ். யூனிஃபார்மை மடித்து மெத்தைக்கு அடியில் போட்டுப் படுத்தால் காலையில் மடிப்பு நன்றாகவே விழுந்திருக்கும் என்பதால் இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒரு ஆள் இல்லாத இடத்தில் ஒரு விளக்கு எரியக்கூடாது என்பது என் சட்டம். இவ்வளவுக்கும் பிறகு வந்த பில்லைப் பார்த்து நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன்பு வந்ததைப் போல இரண்டு மடங்கு.

"ரேட்டை ஏத்தியிருப்பான்" என்றார் வீட்டுக்காரர்.

"ஏத்துனா எல்லாருக்கும்தானே ஏறும்? கீழ் வீட்டுல கேட்டேன். அவங்களுக்கு கொஞ்சம்தான் கூடியிருக்கு. யாரோ நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

"சரி விடு. நான் எப்படியாவது கட்டிடறேன். ஓ.டி. பாக்கறேன்ல."

நான் கொடுக்கிற பங்கு போக மீதியை அவர் ஓவர்டைம் பணம் என்று சொல்லிப் போட்டுக் கட்டினார். கட்டாவிட்டால் கெடு முடிந்த மறுநாளே ஆள் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். கட்டிடத்தில் இரண்டு வீட்டுக்கு அப்படி நடந்திருக்கிறது.

முதலில் மாடி வீட்டு ட்யூஷன் வாத்தியாரைத்தான் பிடித்தேன். ஏ.சி. வைத்திருக்கிறார், அதுவும் பிள்ளைகளுக்காக என்கிறார். நம் லைனிலிருந்து ஒரு வயரை இழுத்திருந்தால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற எங்கள் மீட்டர் முன்னால் போய் நின்றேன். சக்கரம் அசையவே இல்லை. வாத்தியார் படியில் இறங்கி வந்து, "என்னம்மா, மீட்டருக்குப் பூஜையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆக, களவு வெளியே இல்லை. வீட்டுக்குள்ளேதான்.

அதற்குப் பிறகு காலையில் கிளம்பும்போது ஒருமுறையும் திரும்பி வரும்போது ஒருமுறையும் மீட்டரைப் பார்த்தேன். யாருமே வீட்டில் இல்லாத நேரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பகலில்தான் சக்கரம் பேயாய்ச் சுற்றியிருந்தது. யாருமே இல்லாத நேரமா? அண்ணி இருக்கிறாரே!

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சாயங்காலம் நான் வரும்போது வீட்டுக்குள் ஒரு சூடு இருக்கும். ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும். கதவைத் தட்டினால் உடனே திறக்க மாட்டார், உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்கும். முகமெல்லாம் வேர்த்திருக்கும். "தூங்கிட்டேம்மா" என்பார். தூங்கி எழுந்த முகம் எனக்குத் தெரியாதா? நாள் பூராவும் டி.வி. போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். மறுநாள் டி.வி. வயரைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சக்கரம் அன்றைக்கும் அதே சுற்று. அண்ணி டி.வி. வயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"இங்க பாருங்க. அடுத்த பில்லும் இப்படியே வந்துச்சுன்னா உங்க அக்கா உங்க தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும். நான் ஊருக்கெல்லாம் பையைத் தடவிட்டு வந்து இங்க ஏமாந்துட்டு நிக்க முடியாது."

"மெதுவாப் பேசுடி. கேக்கப் போகுது."

"கேக்கட்டுமே."

நடுவில் இருப்பது அட்டைத் தடுப்புதான். கேட்டிருக்கும். அந்தப் பக்கம் பாயில் புரள்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. தங்கை வீட்டில் அவருக்கு ஒரு வாரம்கூட மரியாதை இருக்காது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கிளம்பிப் போனதும் நான் மாடிப்படிக்கு அடியில் போய் எங்கள் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். வெள்ளைப் பீங்கான் கட்டை, உள்ளங்கை அளவுதான். அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டில் ஒரு குண்டுமணி வெளிச்சம் வராது. சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அதைச் சொருகிக்கொண்டு பஸ் ஏறினேன். இனி யார் என்ன சுற்றுகிறார்கள் பார்த்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கொண்டாட்டம்.

கொண்டாட்டம் மத்தியானம் வரைதான். வேலை செய்கிறவர்கள் சாப்பிடப் போகும்போது பின்வாசலில் எங்கள் பையையும் ஒருத்தி சோதிப்பாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. என் பைக்குள் கையை விட்டவள் பியூஸ் கட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதே கட்டை எங்கள் கடையில் மூன்றாவது வரிசையில் பல்பு ஹோல்டர்களுக்குப் பக்கத்தில் விற்கிறது.

"பில் எங்கக்கா?" என்றாள். குரலில் தேன் ஒழுகியது.

"இது கடையோடது இல்ல. எங்க வீட்டோடது."

"வீட்டு பியூஸை யாராவது கழட்டிக்கிட்டு வேலைக்கு வருவாங்களா?"

சூப்பர்வைசர் வந்தார். மூன்றாவது வரிசையில் சரக்கை எண்ணினார்கள். அது முடிகிற வரை என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள், நான் எத்தனையோ பேரை நிற்க வைத்த அதே மாதிரி. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. கட்டையின் ஓரத்தில் பழைய கருகலும் இருந்தது. சூப்பர்வைசர் அதை என் கையில் வைத்து, "வீட்டுல எல்லாரையும் இருட்டுல போட்டுட்டு வந்தீங்களாம்மா? போய் மாட்டுங்க. மீதி நாளுக்கு லீவு போட்டுடறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. அந்தக் கோபத்தை முழுசாக அண்ணிக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கட்டிட வாசலில் ஒரு சின்ன வேன் நின்றிருந்தது. படியேறும்போதே எங்கள் வீட்டிலிருந்து ஆண் குரல் கேட்டது. இதுவேறயா என்று நினைத்தேன். சத்தம் போடாமல் திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உள்ளே தரையில் விரிப்பு மடித்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் பரணில் இருக்க வேண்டிய எங்கள் இஸ்திரிப் பெட்டி. சுற்றிலும் வெள்ளைச் சட்டைகள், தண்ணீர் தெளித்து உருட்டி உருட்டி வைத்தவை, ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் பரிமாறுகிற அத்தனை பேருக்கும் காணும். நடுவில் அண்ணி நின்றிருந்தார்.

"சாயங்காலம் விருந்தும்மா. சர்வருங்க எல்லாம் கசங்கின சட்டையோடயா நிப்பாங்க?" என்று அந்த ஆள் கேட்டார். விருந்து மண்டபத்து மேனேஜராம்.

"கரண்ட் இல்லீங்க. வந்துடும். வந்ததும் கடகடன்னு முடிச்சுக் கொடுத்துடுவேன்."

"பக்கத்து வீட்டுல ஃபேன் ஓடுது. உங்க வீட்டுல மட்டும் எப்படிம்மா இல்லாம போகும்? வேற யாருக்கோ வேலை எடுத்துட்டு எனக்குக் கதை விடறீங்களா?"

"இல்லீங்க, சத்தியமா."

பியூஸ் கட்டை என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது. இரண்டு மாடி இறங்கி மாட்டிவிட்டு வந்திருக்கலாம். நான் இறங்கவில்லை. முதலில் முழுசாகப் பார்த்துவிட வேண்டும், என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் வேலையில் அப்படித்தான் பழக்குவார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே அந்த ஆள் ஈரச் சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டார். "இனிமே நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு என்னை இடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நேரம் கெட்ட நேரத்தில் வந்து நிற்கிறேனே என்றுகூடக் கேட்கவில்லை.

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்றேன்.

"தம்பிக்கு ஓ.டி. நின்னதிலேருந்து."

"ஓ.டி. நின்னுடுச்சா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொல்லக்கூடாதென்று இருந்த விஷயம் வாயில் வந்துவிட்டது.

"கிடங்குல ஆளைக் குறைச்சுட்டாங்கம்மா. ஓ.டி.யெல்லாம் எப்பவோ போச்சு. உங்கிட்ட சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு சொல்லலை. நான்தான் சட்டை தேய்ச்சுத் தரேன்னு சொன்னேன். அக்கா ஊரான் சட்டையைத் தேய்க்கறதான்னு அவனுக்கு அழுகை. வெளிய தெரிய வேண்டாம்னான். பில்லுக்கும் போட்டு, அரிசிக்கும் கொஞ்சம் கொடுத்துட்டிருந்தேன்."

நான் உடனே நம்பிவிடவில்லை. அவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஜாதி இல்லை நான். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "ஓ.டி. எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார். பைக்குள் சோப்பை மறைத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அந்த நிமிஷம்தான் நம்பினேன்.

நான்தான் பியூஸைப் பிடுங்கினேன் என்று நானாக யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி இருட்டில் நானே போய் அதை மாட்டிவிட்டு வந்தேன். விளக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பார்த்தார். விரலில் கரி இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் எனக்குத் தட்டை எடுத்து வைத்தார்.

மண்டபத்துக்காரர் திரும்பி வரவில்லை. அண்ணி தெருத் தெருவாகக் கேட்டுப் பார்த்தார். சொன்ன நேரத்துக்குத் தராதவர் என்று பேர் பரவியிருந்தது. அதற்குப் பிறகு பகலில் அவர் வீட்டுக்குள்ளேயே இருப்பதில்லை. மாடிப்படியில், பொது விளக்கு எரிகிற திருப்பத்தில் உட்கார்ந்து யார் வீட்டுக் கீரையையோ ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார். வெயில் நாளிலும் ஃபேனைத் தொட மாட்டார்.

அடுத்த பில் வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரியே பாதிதான். என் கணக்கு தப்பவில்லை. களவு எங்கே என்று நான் நினைத்தேனோ அங்கேதான் இருந்தது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, ஒரு நிமிஷம்.

"பாருங்க, பாதியாயிடுச்சு" என்றேன்.

வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பாதிக்கு?" என்றார்.

என் சம்பளம் வாடகைக்கும் கடைக்கும் போய்விட்டது. அவர் சம்பளத்தில் ஓ.டி. இல்லை. அந்த இரண்டு மடங்கு பில்லை நாங்கள் தவறாமல் கட்டினோம். இந்தப் பாதியைக் கட்ட வழியில்லை.

அண்ணி படியிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"குறைஞ்சிருச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாண்ணி."

"அப்ப நான் இங்கயே இருக்கலாம்ல?"

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். முகத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், கை விரல்களைப் பார்த்தேன். எத்தனை பேர் பையைத் துழாவியவள் நான். ஒன்றுமே இல்லை. குத்தலாகக் கேட்டிருந்தால் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.