மீசை சார் யாருக்காக நின்றார்?

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் அக்கா சொல்லிவிடுவாள். இது நன்றி சொல்வதற்காகத் தொடங்கிய கதை.

என் அக்கா மகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வயது முப்பத்தொன்று, வீட்டில் இன்னும் பாப்பாதான். போன வாரம் ஒரு பெரிய விமான நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டது. அக்கா உடனே எனக்கு ஃபோன் போட்டாள்.

"தம்பி, நீ கண்டதையும் எழுதறியே, அந்த மீசை சாரைப் பத்தி ஒண்ணு எழுதக் கூடாதா? அந்த மனுஷன் இல்லன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?"

'கண்டதையும்' என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா என் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறாள் என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான்.

மீசை சார் யாரென்று சொல்லிவிடுகிறேன். பயிற்சிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் நேற்றுவரை மாணவர்கள். பெரிய நிறுவனங்களில் சேர நிறைய மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அதைச் சேர்க்கத்தான் வலது பக்கம் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அழைப்பு வந்ததும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். பாதியில் நிற்கும் மாணவர்கள் அடுத்த ஆளிடம் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாப்பாவை இப்படி இரண்டு பேர் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்த மீசை சாருக்கும் அழைப்பு வந்தது. கேக் வெட்டினார்கள், கை குலுக்கினார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முதல் தடவையாகத் தனியாகப் பறக்கும்வரை இருந்துவிட்டுத்தான் போனார். "உனக்காகத்தான் நின்னாரு போல" என்று பள்ளி ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயரை எடுத்தாலே அக்காவின் குரல் மாறிவிடும். "அந்த மனுஷன் நல்லா இருக்கணும்" என்பாள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

விடியலின் செம்மை ஓடுபாதையில் படர்ந்தபோது அவர் தன் மீசையை மெல்ல நீவியபடி அந்த இளம்பெண்ணின்

(இதற்கு மேல் போகவில்லை. பாப்பா படித்துவிட்டு, "மாமா, அவர் மீசையைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. செக்லிஸ்ட்டைத்தான் தொடுவார். அப்புறம், இளம்பெண்ணுன்னு போட்டீங்கன்னா நான் வீட்டுக்கு வர மாட்டேன்" என்றாள்.)

இரண்டாவது தொடக்கம்:

பைலட் என்றால் கை நிறையச் சம்பளம் என்று நினைக்கிறீர்கள், இல்லையா?*

* இல்லை. ஆரம்பத்தில் இல்லவே இல்லை. பாப்பாவுக்கு மாதச் சம்பளமே கிடையாது. மாணவரோடு பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. மழை என்றால் ஒன்றுமில்லை, காற்று என்றால் ஒன்றுமில்லை, ரிப்பேருக்கு வர வேண்டிய ஏதோ ஒரு போல்ட் வரவில்லை என்றாலும் ஒன்றுமில்லை. கல்யாண வீடுகளில் "பைலட்டா! அப்ப எங்கயோ போயிட்டே" என்பவர்களிடம் அவள் சிரித்துவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவாள்.

இந்த அடிக்குறிப்பு கதையைவிட நன்றாக இருப்பதாகப் பட்டது. அதனால் கதையை இங்கிருந்து தொடங்குகிறேன். 'நான்' கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். திங்களிலிருந்து பாப்பா அந்த மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

சேருவதில் என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். நர்ஸ்தான் தயக்கம். ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிஃப்ட் பார்த்து, அந்தப் பணத்தில் பறக்கக் கற்றுக்கொள்கிற மாணவி அவள். அவளையும் இரண்டு பேர் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் தரையிறங்கும்போது கைப்பிடியை இழு என்றாராம், இன்னொருவர் விடு என்றாராம். பாவம், இழுக்கவும் விடவும் தெரியாமல் தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் விமானத்தை நிறுத்தித் தொப்பென்று போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா வந்த பிறகுதான் கை பழகியது. இன்னும் சில இறக்கங்கள் சரியாக வந்தால் தனியாக அனுப்பிவிடலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று. புது ஆளை அந்தக் காற்றில் தனியாக அனுப்ப முடியாது.

"மிஸ், நீங்களும் போறீங்களா?" என்று செவ்வாய்க்கிழமை நர்ஸ் கேட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இன்னைக்கு ரொம்ப அன்பா பேசுறீங்க. போன ரெண்டு பேரும் போறதுக்கு முன்னாடி இப்படித்தான் பேசினாங்க."

பாப்பா செக்லிஸ்ட்டை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த பேட்ச்சில் சேர்கிறேன் என்று கேட்டுப்பார்க்கலாம்தான். ஆனால் இந்தத் தொழிலில் சேருகிற நாளில் ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். எங்கே பறப்பது, எப்போது லீவு, எந்த வருஷம் வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு மாறிக் கேப்டன் ஆவது, எல்லாம் அந்த வரிசைப்படிதான். கெட்டிக்காரத்தனம் அங்கே பேசாது. ஒரு பேட்ச் தள்ளினால் முன்னால் எத்தனை தலை வந்து நிற்குமோ, ஓய்வு பெறும்வரை அத்தனை தலைக்குப் பின்னால்தான். சம்பள உயர்வும் அத்தனை தூரம் தள்ளிப்போகும். அதைவிட, அடுத்த பேட்ச் என்று ஒன்று இருக்குமா என்பதே சந்தேகம். இந்த நிறுவனங்கள் யாரிடமும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவதில்லை.

"பேசாம போய்ச் சேரு" என்றாள் அக்கா.

"மீசை சாரும் அப்படிப் போய்ச் சேர்ந்திருந்தா?"

"அவர் நல்ல மனுஷன். நீ போய்ச் சேரு."

"அம்மா, எனக்காக ஒருத்தர் நின்னாரு. என் முறை வரும்போது நான் கெளம்பிட்டா, அவர் நின்னதுக்கு என்ன மரியாதை?"

அக்கா சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தொடங்கினாள்.

4

(இங்கே 'நான்' திரும்பவும் வர வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.)

என் வரைவில் மீசை சாரை ஒரு சோகமான ஆளாக எழுதியிருந்தேன். மாணவிக்காக நின்றதால் வரிசையில் பின்தங்கி, கூட இருந்தவர்கள் கேப்டனாகிவிட, இவர் மட்டும் வலது சீட்டிலேயே நரைத்துக்கொண்டிருப்பதாக ஒரு பத்தி. நானே எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன். ஆனாலும் ஆளை ஒரு தடவை பார்க்காமல் எப்படி என்று, பள்ளி ஆபீஸில் நம்பர் வாங்கி, வியாழக்கிழமை விமான நிலைய ஊழியர் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

மீசை உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். தோளில் நாலு தங்கப் பட்டையும் செழிப்பான தொப்பையுமாக ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். கேப்டன்! மீசையைக் காணோம்.

"நரைச்சுது சார், எடுத்துட்டேன்" என்றார்.

பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். "எந்தப் பொண்ணு?" என்று யோசித்தார். "ஓ, ரேடியோவுல யாருக்கும் கேக்காத மாதிரி பேசுமே, அதுவா? ஏர்லைன்ஸ்ல கூப்பிட்டுட்டாங்களா? ரொம்ப சந்தோஷம் சார்."

"நீங்க அவளுக்காக நின்னதை எங்க குடும்பமே மறக்கல."

"நானா? நான் எங்க சார் நின்னேன்?" என்றார் அவர். "எங்க பேட்ச்சைத் தள்ளிட்டாங்க. பயிற்சி மெஷின் காலி இல்லையாம். அதைக் கேக் வெட்டினதுக்கு அப்புறம் சொன்னாங்க பாருங்க, மானமே போச்சு. வீட்ல சும்மா உக்காந்தா சோறு யார் போடுவா? பறந்தாதானே காசு. வெக்கத்தை விட்டுட்டுத் திங்கட்கிழமை திரும்பி வந்தேன். போர்டுல என் பேருக்கு எதிர அந்தப் பொண்ணு பேரு இருந்துச்சு, அவ்வளவுதான்."

டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அன்பான மனிதர். என் கதையைக் காலி பண்ணிவிட்டுச் சிரித்தபடி வேலைக்குப் போனார்.

5

ஆக, வாசகரே, வியாழக்கிழமை சாயங்காலம் என் கையில் மூன்று முடிவுகள்.

அ. சொல்லாமல் மறைப்பது. பாப்பா மீசை சாரை நினைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். நன்றிக்கு நன்றி. கதை கண்ணீரோடு முடியும். எழுதுகிறவனுக்கு இது போதும். ஆனால் அவள் தன் வாழ்நாள் வரிசையை, நடக்காத ஒன்றுக்காக விட்டுக்கொடுத்திருப்பாள்.

ஆ. சொல்லிவிடுவது. கடன் தீர்ந்தது என்று அவள் போய்ச் சேருவாள். தாய்மாமனாக எனக்கு இதுதான் வேண்டும். பஸ்ஸில் போய்வந்து, காற்றடித்தால் வருமானம் இல்லாமல் இத்தனை வருஷம் அவள் பட்டது போதும். நர்ஸ் மூன்றாவது முறையாகப் பாதியில் நிற்பாள், அல்லது பறப்பதையே விட்டுவிடுவாள்.

இ. 'வியாழக்கிழமை மதியம் காற்று நின்றது.' பாருங்கள், எழுதியே விட்டேன். ஒரு வரிதான். நர்ஸ் தனியாகப் பறந்துவிடுவாள், பாப்பா வேலையில் சேர்ந்துவிடுவாள், எல்லாருக்கும் நல்லது. ஆனால் வியாழக்கிழமை மதியம் காற்று நிற்கவில்லை. டீக்கடைத் தட்டி படபடவென்று அடித்ததை நானே பார்த்தேன். (அந்த வரியை அடித்துவிட்டேன்.)

எழுதுகிறவனும் மாமனும் ஒரே சட்டைக்குள் இருப்பது பெரிய தொல்லை. இந்தத் தடவை மாமன் ஜெயித்தான்.

6

வெள்ளிக்கிழமை காலையில் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். காற்றின் திசை காட்டும் துணிப் பை கொம்பில் நேராக விறைத்து நின்றது. சம்பளமில்லாத ஒரு நாள். இரண்டு மூன்று பேர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க, பாப்பா ஒரு சின்ன விமானத்தின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். மீசை போன விஷயத்தையும் சொன்னேன்.

அவள் துணியை மடித்து வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இத்தனை வருஷம் அம்மா அவர் பேரைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நிக்காத குறையா இருந்தேன் மாமா."

"அதனாலதான் சொல்றேன். நீ யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்ல. நிம்மதியா போய்ச் சேரு."

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"மாமா, ஒண்ணு உங்களுக்குத் தெரியாது" என்றாள். "மாணவனைத் தனியா அனுப்புற நேரத்துக்கு இன்ஸ்ட்ரக்டருக்குக் காசு கெடையாது. கூட உக்காந்தாதான் காசு. நான் அப்ப சுமாராத்தான் எறக்கிட்டிருந்தேன். இன்னும் ரெண்டு வாரம் பக்கத்துல உக்காந்து சம்பாதிச்சிருக்கலாம், யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. அவரு இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே கதவைத் திறந்து, 'நீ ரெடி, ஒரு சுத்து சுத்திட்டு வா'ன்னு எறங்கிட்டாரு. மாமா, வயித்துக்காக வந்தவரு அப்படிப் பண்ணாரு. நான் தப்பான விஷயத்துக்கு நன்றி சொல்லிட்டிருந்திருக்கேன், அவ்வளவுதான்."

எனக்கு அந்தக் கேப்டனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இத்தனை நாள் எழுதியதில் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் தட்டுப்பட்டதில்லை.

"சரி, அப்ப சாயங்காலம் பதில் போட்டுடு" என்றேன்.

"இப்பவே போடுறேன்."

ஃபோனை எடுத்தாள். டைப் அடித்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். அழைத்ததற்கு மனமார்ந்த நன்றி, அடுத்த பேட்ச்சில் சேர அனுமதிக்க வேண்டும், ஒரு மாணவியின் பயிற்சி முடியும் தறுவாயில் இருக்கிறது.

"பாப்பா, யோசிச்சியா? அவர்தான் உனக்காக நிக்கலயே!"

"ஆமா மாமா. எனக்காக யாருமே நின்னதில்ல. அவளுக்காகவும் இதுவரைக்கும் யாரும் நின்னதில்ல. யாராவது ஒருத்தர் முதல்ல நிக்கணும்ல?"

அனுப்பிவிட்டாள்.

7

அக்காவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். மீசை சார் சோற்றுக்காகத்தான் திரும்பி வந்தவர் என்று கேட்டதும் கொஞ்சம் திகைத்துப்போனாள். அப்புறம், "வயித்துப்பாட்டுக்கு வந்தவரு எம்பொண்ணுக்கு ஒழுங்கா சொல்லிக்கொடுத்தாரே, அது போதாதா? அந்த மனுஷன் நல்லா இருக்கணும்" என்றாள். மகள் பேட்ச்சைத் தள்ளிய கோபத்தில் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நான் போய் உளறியதால்தான் இப்படி ஆயிற்று என்பது அவள் கட்சி.

நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. அதனால் மீதியை உங்களிடம் விட்டுவிடுகிறேன். சரி என்று சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். முடியாது என்றார்கள் என்றும் எழுதலாம், அப்படியும் நடக்கிற உலகம்தான். நர்ஸை எந்தக் கிழமை தனியாகப் பறக்கவிடுவது என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்கு எந்த வருஷம் நாலு பட்டை, எவ்வளவு சம்பளம் என்பதும் உங்கள் தாராள மனசு.

'அனுப்பிவிட்டாள்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேனே, அதில் மட்டும் கைவைக்காதீர்கள். அது அவள் எழுதியது.