பின்கம்பி போட்டாச்சா?

1

இந்தக் கதை ஒரு அலறலிலிருந்து பிறந்தது என்று தொடங்க நினைத்தேன். அது பொய். ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. போன வாரம் கொட்டகையில் என் மருமகள் "ஆச்சு" என்றாள். ஆனால் போட வேண்டிய கம்பி அப்போதும் அவள் தோளில்தான் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதையில் வரும் மனைவி நான்தான். ஆனால் "நான்" என்று எழுதினால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. "அவள்" என்றால் கொஞ்ச தூரம் ஓடுகிறது. ஆகவே இனி அவள்.

2

தொடக்கம் ஒன்று: பன்றியை அடக்குவது என்பது அடிப்படையில் ஒரு—

வேண்டாம். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: அவர் இறந்த அன்று காலை நல்ல வெயில்—

வெயில் இருந்ததா? நினைவில்லை. கம்பி எங்கே இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சாமான்களிலிருந்து தொடங்குகிறேன். சாமான்கள் பொய் சொல்லாது. பன்றியை நிறுத்த அவர்களிடம் மூன்று இருந்தன. ஒன்று, பலகை. முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் பன்றி அதைச் சுவர் என்று நம்பித் திரும்பிவிடும். இரண்டு, கூண்டு. பன்றி நுழையலாம், திரும்ப முடியாது. அவ்வளவு ஒடுக்கம். மூன்று, கண்ணி. ஒரு முழ நீள இரும்புக் குழாய், அதன் நுனியில் கம்பி வளையம். வளையத்தை மேல் தாடையில், பல்லுக்குப் பின்னால் மாட்டி இழுத்தால் பன்றி அப்படியே நின்றுவிடும்.

நிற்கும் என்றா எழுதினேன்? பின்னால் இழுக்கும். கண்ணி மாட்டிய பன்றி ஒருபோதும் முன்னால் வராது. இருக்கிற எடையையெல்லாம் பின்னங்காலில் போட்டு, காது கிழிய அலறிக்கொண்டு பின்னால் போகும். அதனால்தான் கூண்டின் பின்பக்கம் இரண்டு துளைகள். அவற்றில் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பியைப் போடுவதுதான் அவள் வேலை. முன்னால் கண்ணியோடு அவர், பின்னால் கம்பியோடு அவள். கல்யாணமான மறுமாதத்திலிருந்து அப்படித்தான்.*

(*ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் பன்றி. "நம்ம குடும்பத்துல சண்டையே வராததுக்குக் காரணம் அதுதான்" என்பார்.)

3

இனி வருவது சின்ன விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன்.

கண்ணி மாட்டும் முன் அவர் கேட்பார்: "பின்கம்பி போட்டாச்சா?" அவள் சொல்வாள்: "ஆச்சு."

பெரிய பன்றியாக இருந்தால் பின்பாகம் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பி நுழையாது. ஆனால் அவர் கண்ணியை நீட்டினதும் அது மோப்பம் பிடிக்க ஒரு அடி முன்னால் வைக்கும். அந்த ஒரு கணத்தில் துளை தெரியும். சட்டென்று கம்பியைச் செருகிவிடலாம். ஆக, அவர் கண்ணியை நீட்டினால்தான் கம்பி போட முடியும். அவள் "ஆச்சு" என்றால்தான் அவர் நீட்டுவார்.

எனவே அவள் முதலில் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு, பிறகு போட்டாள். இருபத்தெட்டு வருஷம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவரிடம் இதைச் சொன்னதும் இல்லை. அது பொய் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

4

[இந்தப் பகுதியை ஆறு தடவை கிழித்திருக்கிறேன்.]

பன்றிக்கு ரத்தம் எடுக்க டாக்டர் வந்திருந்தார். கூண்டில் நின்றது கொட்டகையிலேயே பெரிய பெண் பன்றி. யாருக்கும் வழிவிடாது என்பதால் அவர் அதற்கு 'மேனேஜரம்மா' என்று பேர் வைத்திருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம்ங்க, இன்னும் நாலு பண்ணைக்குப் போகணும்" என்றார் டாக்டர்.

"மேனேஜரம்மாவை அவசரப்படுத்தாதீங்க டாக்டர், மெமோ குடுத்துடுவாங்க" என்று அவர் சிரித்தார். கை வழுக்கும் என்று குழாயின் முனையில் கட்டியிருந்த கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "ஏம்மா, பின்கம்பி போட்டாச்சா?"

"ஆச்சு."

அன்று அது முன்னால் அடி வைக்கவில்லை. அவ்வளவுதான். மோப்பம் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்தது. வளையம் தாடையில் விழுந்தது. அவள் கையில் கம்பி. எதிரே அந்தப் பெரிய உடம்பு. துளை எங்கே? "என்னங்க" என்று கத்த வாய் திறந்தாள். பன்றியின் அலறலில் அவள் குரல் அவளுக்கே—

பன்றி பின்னால் பாய்ந்தது. கயிறு அவரைக் கூண்டின் முன்சட்டத்தில் கொண்டுபோய் அடித்தது.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

5

கம்பி தரையில் கிடந்தது. "உதைச்ச உதையில கம்பியே பிடுங்கிக்கிச்சு பாருங்க" என்று டாக்டர்தான் முதலில் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மகன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான்: கயிறு. "அப்பா கயித்தைச் சுத்தினதுதான் எமனாப் போச்சு. இனிமே இந்தக் கொட்டகையில கயிறே கிடையாதும்மா" என்று அழுதுகொண்டே அறுத்தெறிந்தான். குழாய்க்கு ரப்பர் பிடி போட்டான். இப்போது கண்ணி பிடிப்பவன் அவன். கயிறு இல்லாத தைரியத்தில் அவன் தகப்பனைவிட நெருங்கி நிற்கிறான். முகம் கூண்டுக்கு ஒரு சாண் தூரத்தில். பின்கம்பி இல்லாமல் பன்றி உதறினால் அந்த இரும்புக் குழாய் எந்தப் பக்கம் சுழலும் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது.

பின்னால் நிற்பது மருமகள். போன வாரம் மாமியார் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்:

"ஏம்மா, போடாமலே ஆச்சுங்கிறியே?"

"நீங்க அப்படித்தானே அத்தை செய்வீங்க? கல்யாணமான புதுசுல நின்னு பாத்திருக்கேன். அந்த டெக்னிக் தெரியலேன்னா நாள் பூரா நிக்கணும்" என்று சிரித்தாள். "அவர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க. கேள்வி கேட்டே கொன்னுடுவார்."

மாமியாரும் சிரித்தாள். சிரித்தாள்! இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை, வாசகரே. வேறு யாராவது எழுதியிருந்தால், இப்படி ஒருத்தி இருப்பாளா என்று கேட்டிருப்பேன்.

6

இன்று ஒன்பது மணிக்கு டாக்டர் வருகிறார். கூண்டில் நிற்கப்போவது மேனேஜரம்மாவின் மகள். தாயைவிடப் பெரியது. இப்போது எட்டே முக்கால். முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

அவள் போய் மகனிடம் சொல்கிறாள். அவன் கம்பியைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளை யாரும் "அம்மா" என்று கூப்பிடுவதில்லை.

அல்லது, "நீ தள்ளும்மா, நான் போடுறேன்" என்று மருமகளிடமிருந்து கம்பியை வாங்கிக்கொள்கிறாள். இன்றைக்குச் சரி. முழங்கால் வலிக்கிற நாளில்? அவள் போய்ச் சேர்ந்த பிறகு?

அல்லது, ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் நடக்கவும் இல்லை. டாக்டர் காபி குடித்துவிட்டுப் போகிறார். எனக்கு மிகவும் பயமாக இருப்பது இந்த முடிவுதான். எங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் இதே முடிவுதான் வந்தது.

7

மகன் இப்போது சமையலறைக்குள் வந்தான்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு. வெந்நீர் ஆச்சா?"

"ஆச்சு" என்றேன். அடுப்பையே பற்ற வைத்திருக்கவில்லை.

அவன் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தான். "என்னம்மா நீங்க, பச்சைத் தண்ணியா இருக்கு. அப்படி என்ன எழுதிட்டே இருக்கீங்க?"

"கதை."

"கதையா? நம்ம வீட்டுலயா? யாரு ஹீரோ?"

"படி."

"அப்புறம் படிக்கிறேன்மா, டாக்டர் நிக்கிறார்."

"நிக்கட்டும். நின்னுக்கிட்டே படி. படிக்காம கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

என் குரலில் என்ன இருந்ததோ, வாங்கிக்கொண்டான். கடைசித் தாள் மட்டும் என்னிடம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வாசற்படியில் நின்று முதல் தாளைப் படிக்கிறான். அவன் சின்ன வயதிலிருந்தே மெதுவாகத்தான் படிப்பான்.

ஹார்ன் அடிக்கிறது. "வாங்க, அது கூண்டுக்குள்ள போயிடுச்சு" என்று மருமகள் கூப்பிடுகிறாள். "ஒரு நிமிஷம்" என்கிறான்.

நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள். அவன் இன்னும் மூன்றாம் பகுதிக்கு வரவில்லை. தாள் சரசரக்கிறது. புரட்டுகிறானா, மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறானா, நான் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. நீங்கள் பாருங்கள். பார்த்துவிட்டு, தயவுசெய்து, சத்தமாகச் சொல்லுங்கள்: கம்பி இன்னும்—